வானும் அரசும்: துருக்கியப் பெண் போர்விமானி சபிஹா கோக்செனின் வாழ்வும் வரலாற்று நினைவும்

ஆய்வுச்சுருக்கம்

துருக்கிக் குடியரசின் முதல் பெண் போர்விமானியான சபிஹா கோக்செனின் (1913–2001) வாழ்க்கையை இக்கட்டுரை மூன்று நிலைகளில் ஆராய்கிறது. புதிய குடியரசு பெண்விடுதலையின் அடையாளமாக அவரை உருவாக்கிய முறை முதலாவது. 1937-இல் தெர்சிம் பகுதியில் நிகழ்ந்த படை நடவடிக்கையில் அவர் ஆற்றிய பங்கு இரண்டாவது. அவரது பிறப்புக் குறித்து 2004-இல் எழுந்த விவாதமும் அதன் விளைவுகளும் மூன்றாவது. ‘முதல் பெண்’ என்னும் வகைப்பாடு வரலாற்றெழுத்தில் எவற்றை வெளிப்படுத்துகிறது, எவற்றை மறைக்கிறது என்பதை இவ்வாழ்க்கையின்வழி மதிப்பிடுவது கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: சபிஹா கோக்சென், துருக்கிக் குடியரசு, தெர்சிம், அரசுப் பெண்ணியம், வான்பறப்பு வரலாறு, வரலாற்று நினைவு

1. முன்னுரை

பெண்கள் விமானம் ஓட்டிய வரலாறு பெரும்பாலும் ‘முதல்வர்’ பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1910-இல் விமானி உரிமம் பெற்ற பிரான்சின் ரேமோந்து தெ லாரோஷ், 1921-இல் பிரான்சு சென்று உரிமம் பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் பெசி கோல்மன், 1932-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த அமேலியா ஏர்ஹார்ட் என அப்பட்டியல் நீளும். ஒவ்வொரு பெயரும் ஒரு தடையின் உடைவைக் குறிப்பதால் இப்பட்டியலுக்கு மதிப்புண்டு. எனினும் தடையை உடைத்தவர் எவருடைய விமானத்தில், எவருடைய செலவில், எந்த நோக்கத்திற்காகப் பறந்தார் என்னும் வினாக்கள் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

1930-களின் ஐரோப்பாவிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் இவ்வினாக்கள் கூர்மை பெற்றன. விமானம் அக்காலத்தில் அரசின் வலிமைக்கும் நவீனத்திற்கும் சின்னமாயிற்று. ஜெர்மனியின் ஹன்னா ரைட்ச் நாசி அரசின் சோதனை விமானியானார். குரோவாசியாவின் முதல் பெண் விமானியாகப் போற்றப்படும் கத்தரீனா மத்தனோவிச் குலெனோவிச், இரண்டாம் உலகப்போரின்போது அச்சு நாடுகளின் சார்பில் அமைந்த குரோவாசிய அரசின் வான்படையில் பணியாற்றினார். தனிமனிதத் துணிவும் அரசின் வன்முறையும் ஒரே வாழ்க்கையில் பின்னிக் கிடக்கும்போது வரலாற்றாசிரியர் அதனை எவ்வாறு எழுதுவது? அவ்வினாவுக்கு மிக விரிவான சான்றுகளோடு விடைதேட இடமளிக்கும் வாழ்க்கை சபிஹா கோக்செனுடையது.

2. ‘முதல்’ என்னும் சொல்லின் முன்வரலாறு

கோக்சென் பிறந்த 1913-ஆம் ஆண்டிலேயே இஸ்தான்புல் வானில் ஓர் உதுமானியப் பெண் பறந்தார். பெண்களின் உரிமைகளைக் காக்கும் சங்கமொன்றின் உறுப்பினரான பெல்கிஸ் ஷெவ்கத், டிசம்பர் 1913-இல் படை விமானமொன்றில் பயணியாக நகரின் மேல் பறந்தார். ‘பெண்களின் உலகம்’ எனப் பொருள்படும் பெயருடைய பெண்கள் இதழுடன் இணைந்து இயங்கியது அச்சங்கம். அப்பறப்பை முன்னெடுத்தோர் பெண்களே என்பது கருதத்தக்கது.

குடியரசுக் காலத்தில் விமானி வெசிஹி ஹூர்குஷ் 1932-இல் தனியார் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அங்கே பயின்ற பெத்ரியே தாஹிர் என்னும் அலுவலகப் பணியாளர், கோக்செனுக்கு முன்பே விமானம் ஓட்டக் கற்றுத் தேர்ந்தார். ஆயினும் அப்பள்ளிக்கும் அதில் பயின்றோரின் தகுதிக்கும் அரசின் அங்கீகாரம் கிட்டவில்லை. பள்ளி விரைவில் மூடப்பட்டது. பெத்ரியே தாஹிரின் பெயரும் பொதுநினைவில் பின்தங்கியது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரு செய்தியைத் தெளிவாக்குகின்றன. துருக்கியில் பெண்கள் வானை எட்டும் முயற்சி அரசின் கொடையாகத் தொடங்கவில்லை. பெண்கள் சங்கமும் தனியார் முயற்சியும் அதற்கு முன்பே வழியமைத்திருந்தன. ‘முதல்’ என்னும் தகுதியை எவருக்கு அளிப்பது என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல்தான் அரசிடம் இருந்தது.

3. வளர்ப்பு மகளும் குடியரசும்

அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பின்படி சபிஹா, முஸ்தபா இஸ்ஸத், ஹைரியே இணையரின் மகளாக 22 மார்ச் 1913-இல் புர்சா நகரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். 1925-இல் புர்சாவுக்கு வந்த குடியரசுத் தலைவர் முஸ்தபா கெமாலைச் சிறுமி சபிஹா அணுகித் தாம் கல்வி கற்க விரும்புவதைத் தெரிவித்ததாகவும், அவர் சிறுமியை வளர்ப்பு மகளாக ஏற்று அங்காராவுக்கு அழைத்துச் சென்றதாகவும் அக்குறிப்பு கூறுகிறது. சான்காயா தொடக்கப்பள்ளியிலும் இஸ்தான்புல் உஸ்குதார் பகுதியிலுள்ள அமெரிக்கப் பெண்கள் பள்ளியிலும் அவர் பயின்றார்.

முஸ்தபா கெமாலின் வளர்ப்பு மகளிர் குடும்ப உறவின் எல்லையைக் கடந்த பொதுப்பணியை ஏற்றனர். அஃபெத் இனான் புதிய தேசிய வரலாற்றெழுத்தின் முகமாகவும், சபிஹா வான்படையின் முகமாகவும் விளங்கினர். குடியரசு தன் இலக்குகளைப் பெண்களின் உருவில் காட்ட விரும்பியது. 1926-இன் குடிமைச் சட்டம் பலதார மணத்தை நீக்கியது. 1930-இல் நகராட்சித் தேர்தலிலும் 1934-இல் நாடாளுமன்றத் தேர்தலிலும் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அதேவேளையில், வாக்குரிமைக்காகப் போராடிய துருக்கிப் பெண்கள் ஒன்றியம் 1935-இல் கலைக்கப்பட்டது. உரிமைகள் கிட்டிவிட்டமையால் தனிச்சங்கம் தேவையில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். உரிமையை வழங்கிய அரசே உரிமை கேட்ட அமைப்பை முடித்துவைத்த இம்முரணையே ஆய்வாளர்கள் ‘அரசுப் பெண்ணியம்’ என்னும் தொடரால் சுட்டுகின்றனர். சமூகவியலாளர் தெனிஸ் கந்தியோத்தி, சட்டத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட துருக்கியப் பெண் முழு விடுதலை பெற்றவரா என வினவியது இப்பின்னணியிலேயே.

1934-இன் குடும்பப்பெயர்ச் சட்டத்தைத் தொடர்ந்து சபிஹாவுக்குக் ‘கோக்சென்’ என்னும் பெயரை அத்தாதுர்க் சூட்டினார். வானைக் குறிக்கும் ‘கோக்’ என்னும் சொல்லை அடியாகக் கொண்ட அப்பெயர், அவர் விமானப் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே வழங்கப்பட்டது. பெயர் முந்த, தொழில் பின்தொடர்ந்தது.

4. பயிற்சி

துருக்கிய வானூர்திக் கழகத்தின் பயிற்சிப்பள்ளியான ‘துர்க்குஷு’ (துருக்கியப் பறவை) மே 1935-இல் தொடங்கப்பட்டது. தொடக்கவிழாவில் கிளைடர்களும் வான்குடை வீரர்களும் நிகழ்த்திய காட்சிகளால் சபிஹா ஈர்க்கப்பட்டார். பள்ளித் தலைவர் புவாத் புல்ஜாவின் மேற்பார்வையில் முதல் பெண் மாணவராகச் சேர்ந்தார். வான்குடையைவிட விமானத்தையே அவர் விரும்பினார். அதே ஆண்டில் ஏழு ஆண் மாணவர்களுடன் சோவியத் ஒன்றியத்தின் கிரிமியாவுக்கு உயர்நிலைக் கிளைடர் பயிற்சிக்காக அனுப்பப்பட்டார். வளர்ப்புச் சகோதரி செஹ்ரா பிரான்சில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து இறந்த செய்தி எட்டவே நாடு திரும்பினார். சிறிதுகாலம் தனித்திருந்து, பின்னர் மீண்டும் பயிற்சியைத் தொடர்ந்தார்.

1936-இல் எஸ்கிஷெஹிர் படை விமானப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். அக்காலத்தில் படைக் கல்லூரிகளில் பெண்களைச் சேர்க்க விதி இல்லை. விதியை மாற்றுவதற்குப் பதிலாக அவர் ஒருவருக்காகத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. பிரெகே 19, கர்டிஸ் ஹாக் முதலிய போர்விமானங்களை ஓட்டக் கற்ற அவர், எஸ்கிஷெஹிரிலிருந்த முதல் விமானப் படைப்பிரிவில் பயிற்சியை நிறைவுசெய்து, 1937-இல் திரேஸ், ஏஜியன் பகுதிகளில் நடைபெற்ற படைப் பயிற்சிகளிலும் பங்கேற்றார். இருபத்துநான்கு வயதில் இத்தகைய விமானங்களைத் தனித்து இயக்கிய அவரது திறமை ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் அத்திறமைக்குத் திறந்த வாயில் அவருக்கு மட்டுமே திறந்தது.

5. தெர்சிம், 1937

கிழக்கு அனத்தோலியாவின் மலைப்பகுதியான தெர்சிமில் சாசா, குர்மாஞ்சி மொழிகளைப் பேசும் அலெவி மக்கள் வாழ்ந்தனர். உதுமானியர் காலம் முதல் வரி, படைச்சேவை, ஆயுத ஒப்படைப்பு ஆகியவற்றில் நடுவண் அதிகாரத்திற்கு அப்பகுதி முழுமையாக அடங்கவில்லை. டிசம்பர் 1935-இல் இயற்றப்பட்ட துன்ஜெலி சட்டம் அம்மாவட்டத்தின் பெயரையே மாற்றியது. படைத்தளபதியான ஆளுநருக்கு மக்களை இடம்பெயர்க்கவும் மரண தண்டனையை உறுதிசெய்யவும் விரிந்த அதிகாரங்களை அளித்தது. ஜெனரல் அப்துல்லா அல்ப்தோவான் அப்பொறுப்பை ஏற்றார். சாலைகளும் பாலங்களும் காவல்நிலையங்களும் எழுந்தன. 1937 மார்ச்சில் பாலமொன்று தாக்கப்பட்டதைத் தொடர்ந்து பெரும் படை நடவடிக்கை தொடங்கியது. பழங்குடித் தலைவரும் சமயப் பெரியவருமான செயித் ரிசா, நவம்பர் 15 அன்று எலாசிக் நகரில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டில் நிகழ்ந்த நடவடிக்கை இன்னும் கொடியதாக அமைந்தது. அன்றைய ஆவணங்களை மேற்கோள் காட்டி 13,806 பேர் கொல்லப்பட்டதாகப் பிரதமர் எர்தோவான் நவம்பர் 2011-இல் அறிவித்து, அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். உயிரிழந்தோர் எண்ணிக்கை இதனினும் பன்மடங்கு என்பது தெர்சிம் மக்களின் கூற்று.

1937-இன் நடவடிக்கையில் கோக்சென் குண்டுவீச்சு விமானியாகப் பங்கேற்றார். தப்பியோடிய ஒரு குழுவினர்மீது அவர் வீசிய 50 கிலோகிராம் குண்டு கடும் சேதம் விளைவித்ததாகப் படைத் தலைமையகத்தின் அறிக்கை பதிவுசெய்கிறது. அவ்வாண்டிலேயே துருக்கிய வானூர்திக் கழகம் மணிகள் பதித்த பதக்கத்தை அவருக்கு அணிவித்தது. நாளிதழ்கள் அவரைத் தேசிய வீராங்கனையாகக் கொண்டாடின.

இந்நிகழ்வு குறித்து அவரே அளித்த சான்றுகள் இரண்டு கவனத்திற்குரியவை. 1956-இல் இதழாளர் ஹாலித் கிவாஞ்சுக்கு அளித்த நேர்காணலில், கண்ணில் படும் உயிர்கள் அனைத்தையும் சுடுமாறு ஆணை இருந்ததென்றும், கிளர்ச்சியாளரின் உணவாகும் ஆடுகளையும் தாங்கள் தாக்கினோமென்றும் அவர் குறிப்பிட்டார். 1981-இல் வெளிவந்த நினைவுநூலிலோ ஒரு கைத்துப்பாக்கியே முதன்மை பெறுகிறது. புறப்படுமுன் அத்தாதுர்க் தம் துப்பாக்கியை அளித்ததையும், பகைவர் கையில் சிக்கி மானத்திற்கு இழுக்கு நேரும் நிலை வந்தால் அதனைப் பயன்படுத்தத் தயங்கலாகாது என்று கூறியதையும் அந்நூல் விவரிக்கிறது. வானிலிருந்து குண்டு வீசும் போர்வீரர் என்னும் தகுதியை அடைந்த பின்னரும் பெண்ணின் உடல் குலமானத்தின் கொள்கலமாகவே கருதப்பட்டதை இக்காட்சி காட்டுகிறது.

நினைவுநூலின் தன்மையையும் இங்குக் கருதவேண்டும். ஒக்தாய் வெரெல் எழுத்துவடிவம் தந்த அந்நூல், அத்தாதுர்க்கின் நூற்றாண்டையொட்டி, 1980-இன் படைப் புரட்சிக்குப் பிந்தைய ஆட்சிக்காலத்தில் வெளிவந்தது. தலைப்பிலேயே அத்தாதுர்க்கின் அடிச்சுவட்டில் கழிந்த வாழ்வாகத் தம் வாழ்வை அது அறிமுகப்படுத்துகிறது. 1956-இன் நேர்காணலும் 1981-இன் நூலும் ஒரே நிகழ்வைப் பேசினாலும் முன்னதில் தரையிலிருந்தோர் ஒருகணம் கண்ணில் படுகின்றனர்; பின்னதில் தந்தையும் மகளுமே மேடையை நிறைக்கின்றனர்.

6. பால்கன் பறப்பு, 1938

1934-இல் துருக்கி, கிரேக்கம், ருமேனியா, யூகோசிலாவியா ஆகிய நாடுகள் பால்கன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1938-இல் கோக்சென் வல்ட்டி குண்டுவீச்சு விமானத்தை ஓட்டி, ஏதென்சு, தெசலோனிக்கி, சோபியா, பெல்கிரேடு, புக்கரெஸ்ட் ஆகிய நகரங்களுக்கு ஐந்து நாள் நல்லெண்ணப் பயணம் மேற்கொண்டார். உடன்படிக்கைக்கு வெளியே நின்ற பல்கேரியாவின் தலைநகரும் இப்பயணத்தில் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே பல்கேரியாவுடன் பால்கன் நாடுகள் தனி உடன்பாடு கண்டன.

ஒரு தலைமுறைக்கு முன்னர் பால்கன் போர்களில் துருக்கியர் எதிரிகளாக நின்று போரிட்ட நாடுகளில் இளம்பெண்ணொருவர் குண்டுவீச்சு விமானத்தில் வந்திறங்கியது இரட்டைச் செய்தியைத் தாங்கியது. பழைய உதுமானியப் பேரரசு மறைந்து புதிய நாடு பிறந்துவிட்டது என்பது ஒன்று. அந்நாடு வலிமை வாய்ந்தது என்பது மற்றொன்று. தெர்சிமில் குண்டு வீசிய கையே பால்கன் தலைநகரங்களில் நல்லெண்ணத்தின் கையாக வரவேற்கப்பட்டது.

7. விதிவிலக்கின் எல்லை

10 நவம்பர் 1938 அன்று அத்தாதுர்க் மறைந்தார். அதன்பின் கோக்செனின் படைவாழ்வு தொடரவில்லை. துர்க்குஷு பள்ளியின் தலைமைப் பயிற்றுநராகி 1950-களின் நடுப்பகுதி வரை பணியாற்றினார். எதிபே சுபாஷி, யில்திஸ் உச்மன், சஹாவெத் கரபாஸ், நெசிஹே விரான்யாலி ஆகிய பெண் விமானிகள் அவரிடம் பயின்றவர்கள். 1940-இல் கெமால் எசினரை மணந்த அவர், மூன்றாண்டுகளில் கணவரை இழந்தார். ஏறத்தாழ 8,000 மணிநேரம் பறந்ததாகவும், 22 வகை விமானங்களை ஓட்டியதாகவும், அவற்றுள் 32 மணிநேரம் போர்ப் பறப்பு எனவும் அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன.

இவரைத் தொடர்ந்து படைக்குள் பெண்கள் வரிசையாக நுழையவில்லை. படைக் கல்விநிலையங்கள் பெண்களை ஏற்கத் தொடங்கியது 1955-இல்தான். 1958-இல் லெமான் போஸ்குர்த் அல்த்தின்செக்கிச் ஜெட் விமானியாகத் தகுதி பெற்றார். சில ஆண்டுகளில் அவ்வாய்ப்பும் மூடப்பட்டு 1990-களிலேயே மீண்டும் திறந்தது. மானிடவியலாளர் ஐஷே குல் அல்த்தினாய் 2004-இல் வெளியிட்ட தம் நூலில், கோக்செனின் விதிவிலக்கு ஆண்களுக்குரிய படை என்னும் விதியைத் தகர்க்காமல் உறுதிப்படுத்தியதைக் காட்டுகிறார். ஒரு பெண்ணின் படம் எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெற்றிருக்கையில், பிற பெண்களுக்கு வாயில் ஏன் மூடியுள்ளது என்னும் வினா எழாமற்போவது இயல்பே.

உலகின் முதல் பெண் போர்விமானி எனக் கின்னஸ் நூல் இவரைக் குறிப்பிடுகிறது. ஆயினும் 1915-இல் பிரான்சின் மேரி மார்வாங் ஜெர்மானிய இலக்குகள்மீதான குண்டுவீச்சுப் பறப்பில் பங்கேற்றமையால், அத்தகுதியை வரையறையோடு பயன்படுத்துவதே முறையாகும். இஸ்தான்புல்லின் இரண்டாம் பன்னாட்டு விமான நிலையம் 2001-இன் தொடக்கத்தில் அவர் பெயரால் திறக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 22 அன்று, தம் எண்பத்தெட்டாம் பிறந்தநாளில், அவர் அங்காராவில் காலமானார்.

8. 2004: பிறப்புப் பற்றிய விவாதம்

6 பிப்ரவரி 2004 அன்று இஸ்தான்புல்லில் வெளிவரும் ஆர்மேனிய இதழான ‘அகோஸ்’, ஹிரான்ட் டிங்க்கை ஆசிரியராகக் கொண்டு கோக்செனின் பிறப்புப் பற்றிய செய்தியொன்றை வெளியிட்டது. கோக்சென் 1915-இன் பேரழிவில் பெற்றோரை இழந்த ஆர்மேனியச் சிறுமி என்றும், அவரது இயற்பெயர் ஹாத்துன் என்றும், தம்மை அவருடைய உடன்பிறந்தாரின் மகளாகக் கூறிக்கொண்ட பெண்மணி ஒருவர் தெரிவித்தார். ‘ஹுர்ரியெத்’ நாளிதழ் இச்செய்தியை நாடெங்கும் கொண்டுசென்றது. அத்தாதுர்க்கின் மற்றொரு வளர்ப்பு மகளான உல்க்கு அதாதெபே இதனை மறுத்தார்.

படைத் தலைமையகம் உடனே அறிக்கை வெளியிட்டது. நாட்டின் அடையாளமாகிய ஒருவரை இவ்வாறு விவாதத்திற்கு உள்ளாக்குவது தேசிய ஒருமைப்பாட்டிற்கும் சமூக அமைதிக்கும் உதவாது என்பது அதன் சாரம். அறிக்கை பிறப்புச் சான்றை முன்வைத்து வாதிடவில்லை. வினாவின் தகுதியையே மறுத்தது. டிங்க் ஆளுநர் அலுவலகத்திற்கு அழைக்கப்பட்டு எச்சரிக்கப்பட்டார். பின்னர் ஆர்மேனிய அடையாளம் குறித்த வேறு கட்டுரைகளுக்காகத் துருக்கியத் தன்மையை இழிவுபடுத்தியதாகத் தண்டனை பெற்றார். 19 ஜனவரி 2007 அன்று தம் இதழ் அலுவலகத்தின் முன் சுட்டுக்கொல்லப்பட்டார். தாம் குறிவைக்கப்பட்டதன் தொடக்கமாகக் கோக்சென் பற்றிய செய்தியையே இறுதிநாள்களில் எழுதிய கட்டுரையில் அவர் சுட்டியிருந்தார்.

பிறப்புப் பற்றிய கூற்று உண்மையா என்பதைவிட, அக்கூற்று ஏன் பொறுக்க முடியாததாயிற்று என்பதே வரலாற்று நிலையில் முதன்மையான வினா. போரிலும் படுகொலையிலும் பெற்றோரை இழந்த ஆர்மேனியச் சிறுவர் பலர் முஸ்லிம் குடும்பங்களில் வேறு பெயரோடு வளர்ந்தனர் என்பது வரலாற்றாய்வில் நிறுவப்பட்ட செய்தி. தெர்சிமிலும் 1938-க்குப் பின் பெற்றோரை இழந்த சிறுமியர் பலர் படை அதிகாரிகளின் இல்லங்களில் வளர்க்கப்பட்டனர். 2010-இல் நெசாஹத் குந்தோவான் இயக்கிய ஆவணப்படம் அவர்தம் கதையை வெளிக்கொணர்ந்தது. ‘வளர்ப்பு மகள்’ என்னும் உறவு குடியரசின் பெருமிதக் கதையாகவும் அதன் மௌனத்தின் பெயராகவும் ஒருங்கே விளங்கியது. கோக்செனின் உருவம் இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்பதால்தான் ஒரு செய்திக் கட்டுரை அத்துணைப் பெரிய அதிர்வை ஏற்படுத்தியது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, கோக்செனின் திறமையும் துணிவும் மெய்யானவை. அவற்றை அரசின் விளம்பரம் மட்டுமே எனத் தள்ளுவது அவருக்கும் அவரிடம் பயின்ற பெண்களுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

இரண்டாவதாக, அவரை ‘முதல்வர்’ ஆக்கியது காலவரிசை மட்டுமன்று. பெல்கிஸ் ஷெவ்கத்தும் பெத்ரியே தாஹிரும் நினைவின் ஓரத்திற்குச் சென்றமை, அங்கீகரிக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவதாக, தெர்சிமில் அவர் ஆற்றிய பங்கு வாழ்க்கை வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருக்கத்தக்கது அன்று. அவரது போர்ப் புகழ் அங்கேதான் பிறந்தது. அங்கு மாண்டோரிலும் உயிர்தப்பி வேற்று இல்லங்களில் வளர்ந்தோரிலும் பெண்கள் இருந்தனர். பெண்வரலாறு என்பது விமானத்திலிருந்த பெண்ணின் வரலாறு மட்டுமாயின், தரையிலிருந்த பெண்கள் அதற்கு வெளியே நிறுத்தப்படுவர்.

நான்காவதாக, 2004-இன் விவாதம் காட்டுவதுபோல், அடையாளச் சின்னமாக்கப்பட்ட மனிதர் தம் சொந்த வரலாற்றையே இழக்க நேரிடுகிறது. அவரைப் பற்றி வினவுவதே குற்றமாகும் நிலையில், போற்றுதலும் ஒருவகை மறதியாகிறது.

முன்னோடிப் பெண்களைப் போற்றும் நூல்களும் பாடத்திட்டங்களும் பெருகிவரும் இக்காலத்தில், ‘யார் முதலில் பறந்தார்’ என்னும் வினாவோடு ‘அப்பறப்பின் நிழல் எவர்மீது விழுந்தது’ என்னும் வினாவையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். முன்னோடியரின் பெருமையை இது குறைக்காது. அவர்களை முழு மனிதர்களாக வரலாற்றுக்குள் கொண்டுவரும்.